தென்கிழக்கு முஸ்லிம் அலகுக் கோரிக்கை

இலங்கையின் அம்பாறைக் கரையோரத்தில் வாழும் தமிழ் பேசும் முஸ்லிம்கள், தாம் பெரும்பான்மையாக அமையும் ஆட்சிப்பிரிவு ஒன்றைக் கேட்டு எழுப்பிய கோரிக்கை. கல்முனை, சம்மாந்துறை, பொத்துவில் தொகுதிகள் இதன் அடித்தளம்.

இதன் தொடக்கம் குறித்து ஒருமித்த கருத்து இல்லை. பெருமளவில் சிங்களவரைக் குடியமர்த்திய கல்லோயாக் குடியேற்றத்தையும், 1961இல் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை தனி மாவட்டமானதையும் சிலர் முதற்காரணமாகக் கொள்வர். 1977இல் முஸ்லிம் ஐக்கிய விடுதலை முன்னணி தமிழர் விடுதலைக் கூட்டணியோடு சேர்ந்து நின்று தோற்றதிலிருந்து தொடங்குவோரும் உண்டு.

1986இல் எம்.எச்.எம். அஷ்ரப் ஸ்ரீ லங்கா முஸ்லிம் காங்கிரஸை அரசியல் கட்சியாக்கினார். 1987 ஜூலை 29இல் கைச்சாத்தான இந்திய–இலங்கை ஒப்பந்தம் வடக்கையும் கிழக்கையும் இணைக்க வழிசெய்தது. கிழக்கின் சனத்தொகையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினரான முஸ்லிம்களின் சம்மதம் கேட்கப்படவில்லை. இணைப்பு நீடிப்பதா என்று கிழக்கு மக்களிடம் கேட்பதற்கான வாக்கெடுப்பும் நடக்கவேயில்லை. 1988 நவம்பரில் வடக்கு–கிழக்கு மாகாண சபையின் 71 ஆசனங்களில் 17ஐ காங்கிரஸின் மரச் சின்னம் வென்றது. அதே காலத்தில், தேர்தல் மாவட்டமொன்றில் ஆசனம் பெறத் தேவையான வெட்டுப்புள்ளியைக் குறைக்குமாறு அப்போதைய பிரதமர் ஆர். பிரேமதாசவிடம் அஷ்ரப் கோரினார் என்றும், அதன் விளைவே அரசியலமைப்பின் 15ஆம் திருத்தம் என்றும் பரவலாகச் சொல்லப்படுகிறது. 12.5 சதவீதம் 5 ஆனது. ஜனாதிபதித் தேர்தலுக்கு இரண்டே நாள் முன்பு, டிசம்பர் 17இல் அது சட்டமாயிற்று. நாடெங்கும் சிறு கட்சிகள் எல்லாவற்றுக்கும் பயன்பட்ட திருத்தம் இது. 1989இல் காங்கிரஸ் நான்கு ஆசனங்களுடன் பாராளுமன்றம் புகுந்தது.

அலகுக்கு முன்மாதிரியாக இந்தியாவின் புதுச்சேரி காட்டப்பட்டது: ஆந்திரக் கரையில் ஏனாம், கேரளக் கரையில் மாஹே எனச் சிதறிக் கிடந்தும் ஒரே ஆட்சிக்குள் இருப்பது.

அஷ்ரப் 2000 செப்டம்பர் 16இல் ஹெலிகொப்டர் விபத்தில் இறந்தார். அரசும் விடுதலைப் புலிகளும் செய்த 2002 போர்நிறுத்த உடன்படிக்கையிலும் முஸ்லிம்கள் ஒரு தரப்பாக இல்லை. 2003 ஜனவரியில், அட்டாளைச்சேனைப் பிரதேச செயலகப் பிரிவிலுள்ள ஒலுவிலில், தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் ஒலுவில் பிரகடனம் வெளியானது. முஸ்லிம்கள் தனித் தேசிய இனம், அவர்களுக்குச் சுயநிர்ணய உரிமை உண்டு என்றது அது. சர்வதேசச் சட்டம் இதை எவ்வளவு தூரம் தாங்கும் என்பது விவாதத்துக்குரியது. இலங்கை 1980இல் இணைந்த குடியியல், அரசியல் உரிமைகள் சமவாயத்தின் 27ஆம் உறுப்புரை சமயம், மொழி, பண்பாடு பற்றியே பேசுகிறது. நிலம் பற்றி அன்று. தாம் வாழும் பிரதேசம் குறித்த தீர்மானங்களில் சிறுபான்மையினர் பயனுள்ள முறையில் பங்குகொள்ளலாம் என்னும் 1992 ஐ.நா. பிரகடனமே இக்கோரிக்கைக்குக் கூடுதலாகத் துணைநிற்கிறது. ஆனால் அலகுக்குள் சிறுபான்மையாகும் தமிழருக்கும் அதே உரிமை உண்டு. கல்முனை வடக்கில் தமிழர் கேட்கும் தனிப் பிரதேச செயலகம் பற்றிய தகராறு அதன் ஒரு முகம்.

2006 அக்டோபரில் உயர் நீதிமன்றம் வடக்கு–கிழக்கு இணைப்பைச் செல்லாதென்றது. மேற்சொன்ன குடியியல், அரசியல் உரிமைகள் சமவாயத்துக்கு உள்நாட்டில் வலுவளிக்கும் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதன் 27ஆம் உறுப்புரை இடம்பெறவில்லை. கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017இல் முடிந்தபின் 2024 வரை அதற்குத் தேர்தல் நடக்கவில்லை.