குளத்துப் பாசியில் இருந்து எத்தனால்... முடியுமா? சிக்கல் எங்கே?

கன்னியாகுமரி மாவட்டம் கொட்டாரம் பக்கம் வெயில் காலத்தில் குளத்துத் தண்ணீர் பச்சையாவதைப் பார்த்திருப்பீர்கள். தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகளின் வேலை அது. இவற்றைச் சர்க்கரையாக உடைத்து, நொதிக்க வைத்து, வண்டிக்கு ஊற்றும் எத்தனாலாக மாற்றலாம். ஆய்வகத்தில் எப்போதோ செய்து பார்த்த விஷயம்தான். (மண்டபத்தில் மூங்கில் மிதவையில் வளர்க்கிறார்களே, அது கடற்பாசி. இது வேறு.)

ஏன் பாசி?

பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் என்ற இலக்கை இந்தியா 2025-ல் எட்டியது. அந்த எத்தனால் கரும்பு, மக்காச்சோளம், அரிசியில் இருந்து வருகிறது. அதாவது சோற்றுக்கும் டேங்குக்கும் ஒரே நிலம். நெல் விளையும் நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு இதைத் தனியாக விளக்கணுமா என்ன? பாசிக்கு வயல் வேண்டாம். சில வகைகள் உப்புத் தண்ணீரிலும் கழிவுநீரிலும்கூட வளரும்.

எப்படி உடைக்கிறார்கள்?

குளோரெல்லா போன்ற பாசிகள் செல்லுக்குள் மாவுச்சத்தைச் சேர்த்து வைக்கும். நைட்ரஜன் கொடுக்காமல் பட்டினி போட்டால் இன்னும் அதிகம் சேர்க்கும். ஆனால் ஈஸ்ட் மாவுச்சத்தை அப்படியே சாப்பிடாது, குளுக்கோஸாக்கிக் கொடுக்கணும். நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து 100 டிகிரிக்கு மேல் சூடாக்குவது ஒரு வழி. சீக்கிரம் முடியும், ஆனால் சூடு மிஞ்சினால் சர்க்கரையே சிதைந்து, ஈஸ்டை முடக்கும் பொருட்கள் உருவாகும். இன்னொரு வழி என்சைம். செல்லுலேஸ் செல் சுவரை அரிக்கும், அமைலேஸ் மாவுச்சத்தை வெட்டும். முளைகட்டிய தானியம் லேசாக இனிப்பதும் இதே அமைலேஸால்தான். வைக்கோலை உடைக்கவிடாமல் படுத்தும் லிக்னின் இந்தப் பாசிகளில் இல்லை என்பது பெரிய வசதி.

அப்புறம் என்ன சிக்கல்?

தண்ணீர்தான். திறந்த தொட்டியில் 1 லிட்டருக்குச் சுமார் அரை கிராம் பாசிதான் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். 1,000 லிட்டரை வடித்தால் அரை கிலோ. அதில் 40 சதவீதம் மாவுச்சத்து என்றால் 200 கிராம். துளிகூட வீணாகாமல் நொதித்தாலும் கிடைப்பது சுமார் 140 மில்லி எத்தனால். ஒரு டீ கிளாஸ்! இதற்காக அத்தனை தண்ணீரையும் கலக்கி, பாசியைப் பிரித்தெடுக்கும் கரண்ட் செலவை யார் தருவது?

2009-ல் பாசி எரிபொருள் ஆய்வில் பணம் போட ஆரம்பித்த எக்ஸான்மொபில், 2023-ல் கைவிட்டது. புதுக்கோட்டை மாவட்டம் ஊனையூரில் பாரி நிறுவனம் ஸ்பைருலினா வளர்ப்பது சத்துணவுக்காக. அந்த விலை எரிபொருளில் கிடைக்காது.

அதனால் பல ஆய்வாளர்கள் பாசியைக் கழிவுநீர் சுத்திகரிப்போடு சேர்த்துப் பார்க்கிறார்கள். தண்ணீரைச் சுத்தம் செய்ய எப்படியும் செலவாகும். சேரும் பாசியில் எத்தனால் எடுக்கலாம், இல்லையென்றால் சாண எரிவாயு மாதிரி மீத்தேன் எடுக்கலாம். மீத்தேனுக்குப் பாசியை உலர்த்தவும் வேண்டாம், ஈஸ்டுக்காகத் தனியாகச் சர்க்கரையாக்கவும் வேண்டாம்.