ரோசா மெக்சிகானோ: வீட்டுச் சுவருக்கு வந்த நிறம்

ரோசா மெக்சிகானோ என்பது சிவப்புக்கும் ஊதாவுக்கும் இடைப்பட்ட, கண்ணைப் பறிக்கும் அடர்ந்த இளஞ்சிவப்பு நிறம். இந்த ஸ்பானியப் பெயருக்கு 'மெக்சிகோவின் ரோஜா நிறம்' என்று பொருள். தமிழகப் புடவைக் கடைகளில் 'ராணி பிங்க்' என்று சொல்லப்படும் நிறத்துக்கு இது மிக நெருக்கமானது. துணியிலும் காகிதத்திலும் பொம்மைகளிலும் புழங்கிவந்த இந்நிறத்தை நவீன வீட்டின் சுவர்களுக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் மெக்சிகோவின் கட்டடக் கலைஞர் லூயிஸ் பர்ரகான் (1902–1988).

முன்வரலாறு

மெக்சிகோவில் செந்நிறத்தின் வரலாறு ஒரு பூச்சியிலிருந்து தொடங்குகிறது. சப்பாத்திக் கள்ளியின் மடல்களில் வாழும் கொச்சினீல் பூச்சியை உலர்த்திப் பொடித்தால் கார்மைன் என்னும் செஞ்சாயம் கிடைக்கும். ஸ்பானியர் வருவதற்கு முன்பே அங்குள்ள தொல்குடிகள் இதைத் துணிகளில் பயன்படுத்தினர். காலனியக் காலத்தில் ஒஹாகா பகுதியிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்ற இச்சாயம், வெள்ளிக்கு அடுத்தபடியாக மதிப்புமிக்க ஏற்றுமதிப் பொருளாக இருந்தது. ஸ்பானிய அரசு இதன் உற்பத்தி முறையை வெளியே செல்லாமல் காத்தது.

இந்த ஏகபோகத்தை உடைக்க நடந்த முயற்சிகளில் ஒன்று சென்னையோடு தொடர்புடையது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவரான ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் அமைத்தார். ஆனால் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது உயர்ந்த சாயம் தரும் இனம் அல்ல, தரம் குறைந்த காட்டு இனம். அது சாயத் தொழிலை உருவாக்கவில்லை. மாறாக, தென்னிந்தியாவில் பரவிக் கிடந்த ஒருவகைச் சப்பாத்திக் கள்ளியை அழித்தது.

கொச்சினீல் துணிக்கு உகந்தது, சுவருக்கு அல்ல. சுண்ணாம்பின் காரத்தன்மை பட்டால் அதன் செந்நிறம் ஊதாவாகத் திரியும். ஆகவே சுண்ணாம்புச் சுவர்களில் நெடுங்காலம் நிலைத்த சிவப்பு, காவி மண்ணின் மங்கிய சிவப்பே.

1859-ல் ஃபிரெஞ்சு வேதியியலாளர் பிரான்சுவா இம்மானுவேல் வெர்கன் அனிலினிலிருந்து செய்த செயற்கைச் சாயம் விற்பனைக்கு வந்தது. ஃபூஷியா மலரை ஒட்டி அதற்குப் பெயரிடப்பட்டது. பின்னர் அதே ஆண்டு வட இத்தாலியில் நடந்த மஜெந்தா போரின் பெயர் அந்நிறத்துக்கு நிலைத்தது. மலிவான அனிலின் சாயங்களால் இந்நிறம் எளியவர்களின் கைக்கு எட்டியது. ஆனால் அவையும் வெயிலில் விரைவாக வெளுப்பவை. வெயிலைத் தாங்கும் குயினாக்ரிடோன் நிறமிகள் 1958-ல்தான் சந்தைக்கு வந்தன.

பெயர்

'மெக்சிகோ இளஞ்சிவப்பு' என்ற பெயர் பரவியதற்கு ஆடை வடிவமைப்பாளரும் ஓவியருமான ரமோன் வால்தியோசெரா காரணமாகக் கூறப்படுகிறார். 1949-ல் நியூயார்க்கில் அவர் நடத்திய ஆடைக் காட்சிக்குப் பின் பத்திரிகைகள் அப்பெயரைப் பயன்படுத்தத் தொடங்கின. எல்சா ஸ்கியாபரெல்லியின் 'ஷாக்கிங் பிங்க்' 1937-லேயே பாரிஸில் புகழ்பெற்றிருந்தது. ஒத்த சாயல் கொண்ட நிறம், ஒன்றில் ஒரு வடிவமைப்பாளரின் முத்திரையாகவும் மற்றொன்றில் ஒரு நாட்டின் அடையாளமாகவும் ஆயிற்று.

பர்ரகானும் ரேயஸும்

பர்ரகான் குவாதலஹாராவில் பிறந்தார். பொறியியல் பயின்றவர். 1930-களின் நடுவில் மெக்சிகோ நகருக்கு வந்து, அன்றைய ஐரோப்பிய நவீன பாணியில் வெண்மையான அடுக்குமாடிக் கட்டடங்களைக் கட்டினார். அந்த வணிகக் கட்டுமானத்தில் சலிப்புற்று 1940 வாக்கில் தோட்டக் கலையின் பக்கம் திரும்பினார்.

அவரது நிறங்களுக்குப் பின்னால் இருந்தவர் அதே ஊரைச் சேர்ந்த ஹெசுஸ் 'சூச்சோ' ரேயஸ் ஃபெரேரா. பழம்பொருள் சேகரிப்பாளரான ரேயஸ், மெல்லிய வண்ணக் காகிதத்தில் சேவல்களையும் குதிரைகளையும் தேவதைகளையும் வரைந்தவர். சந்தைகளிலும் திருவிழாக்களிலும் கண்ட நிறங்களை அவர் கலையாகவே மதித்தார். வீடுகளின் நிறத் தேர்வில் பர்ரகான் அவரது ஆலோசனையைக் கேட்டார்.

தாகுபாயா வீடு

மெக்சிகோ நகரின் தாகுபாயா பகுதியில் பர்ரகான் தனக்காகக் கட்டிய வீடு 1948-ல் நிறைவடைந்தது. தெருவிலிருந்து பார்த்தால் சாம்பல் நிறத்தில் எளிய முகப்பு. உள்ளே நுழைந்ததும் குறுகலான இடைகழி. அதைக் கடந்ததும் உயர்ந்த கூடத்தில் இளஞ்சிவப்புச் சுவர் எதிர்ப்படுகிறது. தரையும் படிகளும் கருமையான எரிமலைக் கல். படிக்கட்டின் திருப்பத்தில் மதியாஸ் கோரிட்ஸ் செய்த தங்கத் தகடு பதித்த பலகை உள்ளது.

இளஞ்சிவப்புச் சுவர் ஒளியின் பச்சைக் கூறுகளை உறிஞ்சி, சிவப்பையும் நீலத்தையும் திருப்பி அனுப்புகிறது. அவ்வொளி பக்கத்திலுள்ள வெள்ளைச் சுவரில் படும்போது அதுவும் இளஞ்சிவப்பாகத் தெரிகிறது. தங்கப் பலகை மேலிருந்து வரும் ஒளியைக் கூடத்துக்குள் திருப்புகிறது. அறை முழுவதும் நிறம் பூசியது போன்ற தோற்றத்துக்குச் சில பரப்புகளே போதுமானவை. எல்லாச் சுவர்களுக்கும் இந்நிறத்தைப் பூசியிருந்தால் ஒப்பிட்டுப் பார்க்க வெண்மை இல்லாமல் கண் சலித்துவிடும்.

பர்ரகான் கட்டடம் எழும்பிய பின்னரே நிறத்தை முடிவு செய்வார். வெவ்வேறு வேளைகளில் வந்து பார்ப்பார். தன் வீட்டு மொட்டைமாடிச் சுவர்களின் நிறத்தைப் பலமுறை மாற்றினார்.

கிலார்டி வீடு

1970-களின் நடுவில், எழுபது வயதைத் தாண்டிய பர்ரகான் சான் மிகுவெல் சாபுல்தபெக் பகுதியில் கிலார்டி வீட்டை வடிவமைத்தார். மனையில் நின்ற ஹகரண்டா மரத்தை வெட்டாமல் அதைச் சுற்றியே வீடு அமைந்தது. முகப்பு இளஞ்சிவப்பு. மஞ்சள் ஒளி நிறைந்த நீண்ட இடைகழியின் முடிவில் உள்ள நீச்சல் குளத்தில் ஒரு செந்நிறச் சுவர் நிற்கிறது. அது கூரையின் பளுவைத் தாங்குவதற்காக நிறுத்தப்பட்டதல்ல. மேலிருந்து விழும் வெயிலை வாங்கி நீரில் காட்டுவதே அதன் வேலை.

மதிப்பீடு

பர்ரகானுக்கு 1980-ல் பிரிட்ஸ்கர் விருது கிடைத்தது. தாகுபாயா வீடு 2004-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமானது. அதன்பின் இளஞ்சிவப்புச் சுவர் மெக்சிகோவின் அடையாளமாக உலகெங்கும் நகலெடுக்கப்பட்டது.

இந்த அடையாளத்தில் இரு முரண்கள் உண்டு. மெக்சிகோவின் நிறத்துக்குச் சான்றாகக் காட்டப்படும் காகிதப்பூக் கொடியின் தாயகம் தென்னமெரிக்கா. மஜெந்தா சாயம் பிரான்சில் உருவானது. மண்ணுக்குச் சொந்தமான கொச்சினீலோ சுண்ணாம்புச் சுவரில் நிற்காதது. இரண்டாவதாக, சந்தைக் கடைகளிலும் எளியவர்களின் கைவினைகளிலும் வாழ்ந்த நிறம், வசதி படைத்தவர்களின் உயர்ந்த மதில்களுக்குள் சென்ற பிறகே கலையாக அங்கீகரிக்கப்பட்டது. ரேயஸின் பங்கு பெரிதும் கட்டடக்கலை வட்டத்துக்குள்ளேயே பேசப்படுகிறது.

கல்லும் மரமும் பழமையால் மதிப்புப் பெறும். இளஞ்சிவப்புச் சுவர் அப்படியல்ல. வெளுத்ததும் அதை மீண்டும் பூச வேண்டும். பர்ரகானின் வீடுகளில் இன்று காணப்படும் நிறம், அவர் காலத்துப் பூச்சின் மீது பின்வந்தவர்கள் பூசிப் பூசிக் காத்துவரும் நிறம்.