இரும்பு இருந்தும் கயிறு

அப்புத்தளை மலைத்தொடரின் தெற்குச் சரிவிலே அமைந்துள்ளது ஹல்துமுல்லை. தேயிலைச் சரிவுகள் அங்கிருந்து படிப்படியாய் இறங்கித் தாழ்நிலத்துக் காடுகளோடு கலக்கின்றன. அதற்கு மேற்கே, அதே மலையடிவாரத்தில், வளவை கங்கையை மறித்து அமைத்த சமனலவெவ நீர்த்தேக்கம் இருக்கிறது. அந்நீர்த்தேக்கம் நிரம்புமுன், 1990களின் தொடக்கத்தில், ஜில் ஜூலெப் என்ற ஆய்வாளர் அங்கே பண்டை இரும்புலைகள் பலவற்றை அகழ்ந்தெடுத்தார். துருத்தி ஊதும் ஆளின்றித் தென்மேற்குப் பருவக்காற்றே அவ்வுலைகளை மூட்டியது என்பதை 1996இல் உலகறியச் செய்தார். கிறிஸ்து சகாப்தத்தின் முதல் ஆயிரம் ஆண்டுகளுக்குள் அங்கு உருகியது உயர்தர இரும்பு. அதில் உருக்கும் உண்டு.

இவ்வளவு இரும்பு விளைந்த நாட்டின் கடற்கரையிலே, மரக்கலங்களை ஆணியால் அறையாது தென்னை நார்க் கயிற்றால் தைத்தார்கள்! இது ஏன் என்பதே கேள்வி.

பழங்காலத்தார் இதற்கு ஒரு கதை வைத்திருந்தனர். கடலினுள்ளே காந்த மலைகள் உண்டென்றும், இரும்பாணி பதித்த கப்பலை அவை இழுத்து அழிக்குமென்றும் நம்பினர். 6ஆம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் வரலாறு எழுதிய புரொகோப்பியஸ் இதனை மறுத்தார். உரோமர் கப்பல்களில் இரும்பு மிகுதியாய் இருந்தும் செங்கடலில் அவற்றுக்குத் தீங்கு நேரவில்லையே என்பது அவர் வாதம். நல்ல வாதந்தான். ஆனால் அடுத்த வரியிலேயே அவரும் இடறினார். இந்தியரிடம் இரும்பு இல்லாமையே காரணம் என்றார். காந்த மலையை நம்பாத அறிஞர், இரும்பில்லா இந்தியாவை நம்பினார். சமனலவெவ உலைகளே அதற்கு விடை.

உண்மைக் காரணத்தைச் சொன்னவர் 14ஆம் நூற்றாண்டுப் பயணி இபுன் பதூதா. இக்கடல்களிலே பாறைகள் மிகுதி. ஆணி அறைந்த கப்பல் மோதினால் உடையும். கயிற்றால் தைத்ததோ சற்றே நெகிழ்ந்து தப்பும் என்பது அவர் குறிப்பு. அவருக்கு முன் ஹோர்முஸ் துறையிலே தைத்த கப்பல்களைக் கண்ட மார்க்கோ போலோ, அவை மட்டமானவை என்று இகழ்ந்தார். தேங்காய் நார் உப்புநீருக்குக் கெடாது என்பதை மட்டும் ஒப்புக்கொண்டார்.

தைக்கும் முறையைச் சிறிது காண்போம். இரு பலகைகளின் விளிம்போரமாக இணை இணையாய்த் துளையிடுவர். பொருத்துவாயின் மேல் நார் அல்லது வைக்கோல் திரணையை வைத்து, கயிற்றைத் துளைகளினூடே குறுக்கும் மறுக்குமாய் இழுத்து இறுக்குவர். நீரில் ஊறியதும் திரணை பருத்து இடுக்கை அடைக்கும். சென்னையில் துறைமுகம் கட்டப்படுமுன், கப்பலில் வந்தோரைக் கரை சேர்த்த மசூலாப் படகு இவ்வாறே தைத்ததுதான். அலை தூக்கி மணலில் அறையும்போது அது வளைந்து கொடுத்தது. நம் தென்கரையின் ஒருவகைப் படகுகளிலே, குடைந்த அடிமரத்தின் மேல் பக்கப் பலகைகளைக் கயிற்றாலேயே பிணைத்தனர்.

இதில் குறையும் உண்டு. தைத்த கலத்தில் நீர் கசிந்துகொண்டேயிருக்கும். இறைக்க ஓர் ஆள் வேண்டும். கயிறு நைந்தால் பிரித்து மறுபடி தைக்க வேண்டும். பின்னர் ஆணியும் கலப்பற்றும் பரவின. பலகை இடுக்கிலே பஞ்சைச் செருகி, குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துப் பூசுவதே கலப்பற்று. வல்வெட்டித்துறையிற் கட்டிய அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறையை அடைந்தது; கடலோடிகளின் திறத்தைப் புகழ்வோர் அந்த இடுக்குகளை அடைத்த கைகளையும் நினைத்தல் தகும்.

இவையெல்லாம் கரையோரத்தார் கதை என்று மலைநாட்டு நேயர்கள் எண்ண வேண்டியதில்லை. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே 1914இல் நீராவிக் கப்பற் சேவை தொடங்குமுன், தோட்டங்களுக்கு வந்த முன்னோர் பலர் பாய்த்தோணியிலேயே கடலைக் கடந்தனர். கைப்பிள்ளையோடு தோணியின் அடித்தட்டில் குந்தியிருந்த தாய்க்கும் கடலுக்கும் நடுவே இருந்தது ஒரு பலகை. அப்பலகையின் ஓரத்தில் ஒரு பொருத்துவாய்.

இருபதாம் நூற்றாண்டில் கண்ணாடி இழை வந்தது. கண்ணாடியை உருக்கி மெல்லிய இழையாக்கி, துணியாய் நெய்து, பிசினில் தோய்த்தால் இறுகி ஓடாகிறது. 1942இல் அமெரிக்காவிலே இதனாற் படகு செய்தனர். 1960களின் பிற்பகுதியில் தொடங்கிய சீநோர் நிறுவனம் காரைநகரிலே இவ்வகைப் படகுகளைக் கட்டியது. அச்சில் வார்த்த ஓட்டிலே பலகையும் இல்லை, பொருத்துவாயும் இல்லை. தையல் அத்துடன் ஒழிந்தது என்றே எவரும் எண்ணியிருப்பர்.

ஆனால் அதே காலத்தில் இங்கிலாந்திலே அது வேறு வழியாய்த் திரும்பி வந்தது. கென் லிட்டில்டைக் என்பவர், வீட்டிலேயே செய்யத்தக்க சிறு ஓடங்களுக்கு ஒரு முறை வகுத்தார். 1963இல் வெளிவந்த மிரர் என்னும் சிறு பாய்ப்படகு அம்முறையைப் பரப்பியது. கயாக் எனப்படும் ஒடுங்கிய ஓடத்தை மரத்தாற் செய்வோர் பலர் இன்றும் அதனையே கைக்கொள்கின்றனர். கயாக்கோ ஆதியிலே வடதுருவத்து இனுயிற் மக்களுடையது. தோலைத் தைக்கும் அப்பெண்கள், ஊசி அதனை முற்றும் ஊடுருவாதபடி தைத்து நீர் புகாது காத்தனர்.

புதிய முறையில் ஒட்டுப்பலகைத் துண்டுகளின் விளிம்பில் இணைத் துளைகள் இட்டு, செப்புக் கம்பியால் முடிச்சிட்டு உருவத்தை நிறுத்துவர். உட்புறக் கோணத்திலே மரத்தூள் குழைத்த பிசினை நிரப்பி, மேலே கண்ணாடி இழை நாடாவைப் படியவைப்பர். இறுகியபின் வெளிப்புறக் கம்பிகளை நறுக்கி, விளிம்பை உருட்டித் தேய்த்து, அங்கும் நாடா ஒட்டுவர். விளிம்பைக் கூராக விட்டுவிட்டால் இழை மடங்காது தூக்கி நிற்கும். உள்ளே காற்றுக் குமிழி தங்கும். அதன் வழியே நீர் புகும். ஈரமரத்திலும் பிசின் பற்றாது. கண்ணாடித் தூள் மூச்சிலே சேராதபடி முகத்தை மூடிக்கொண்டே தேய்க்க வேண்டும்.

தேய்த்து மெருகிட்ட ஓடத்தின் வெளிப்புறத்தில் தையல் கண்ணுக்குத் தெரியாது. துளைகள் மட்டும் வரிசை வரிசையாய்ப் பிசின் நிறைந்து பூச்சின் அடியில் இருக்கும்.