மடுத் திருத்தலமும் இன நல்லுறவும்

ஈழத்து மன்னார் மாவட்டத்தில், காட்டிடையே அமைந்தது மடுத் திருத்தலம். மருதமடு என்பது அதன் முழுப்பெயர். ஒல்லாந்தரின் ஒடுக்குமுறைக்கு அஞ்சிய மாந்தைக் கத்தோலிக்கர், 1670-ஆம் ஆண்டளவில் அன்னையின் திருவுருவை இங்குக் கொணர்ந்தனர் என்பது மரபு. அடைக்கலம் என்னும் கருத்து இத்தலத்தின் தோற்றத்திலேயே அமைந்துள்ளது எனலாம்.

ஆகஸ்டுத் திருவிழாவிற்குத் தமிழரும் சிங்களரும் ஒருங்கே வருவர். வழிபாடு இரு மொழியிலும் நிகழும். இருசாராரும் ஒரே காட்டில் கூடாரமிட்டு அயலவராய்த் தங்குவர்.

போர் இவ்வுறவைச் சோதித்தது. 1990 முதல் தமிழ் அகதிகள் பல்லாயிரவர் இங்குப் புகலடைந்தனர். 1999 நவம்பர் 20 அன்று விழுந்த எறிகணைகளால் ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். 2008 ஏப்ரலில் குருக்கள் திருவுருவைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுசென்றனர். ஆகஸ்டில் அது மடுவுக்கு மீண்டது.

திருத்தலம் போரைத் தடுக்கவில்லை என்பது வெளிப்படை. எனின், அதன் பயன் யாது? 2002 பிப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை ஏற்பட்டதும் தென்னிலங்கைச் சிங்களர் பெருந்திரளாக மீண்டும் வந்தனர். அவர்களை அழைத்தது அரசாணை அன்று. வழிவழி வந்த வழக்கமே. உடன்படிக்கை முறிந்தது; வழக்கமோ 2009-இல் போர் முடிந்தபின்னும் தொடர்கின்றது.

ஆயினும், கூடி வழிபடுதல் மட்டுமே நல்லுறவாகிவிடாது. 2011-இல் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு, அரசு அமைத்த நல்லிணக்க ஆணைக்குழுவின்முன் 1,46,679 பேரின் கதி யாது என வினவினார். கூடும் களத்தைக் காத்தலும் உண்மையை வினவுதலும் ஆகிய இரண்டுமே திருச்சபையின் அமைதிப்பணி என யாம் கருதுகின்றோம். முன்னது நிலைத்தது, பின்னதற்கு முழு விடை இன்னும் கிடைத்திலது.