டாப் ஸ்டேஷன்

மூணாறிலிருந்து சுமார் 32 கி.மீ. தொலைவில், கேரளத்தின் இடுக்கி மாவட்டமும் தமிழ்நாட்டின் தேனி மாவட்டமும் தொட்டுக்கொள்ளும் மலைவிளிம்பில் இருக்கும் சிற்றூர். குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில்பாதையின் கடைசி நிலையம் இங்கே இருந்தது. ஊர்ப்பெயரும் அதனால் வந்ததே.

ரயில் வந்ததற்குக் காரணம் தேயிலை. 1897இல் தொடங்கிய கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனிக்குத் தேயிலைப் பெட்டிகளைத் தமிழ்ச் சமவெளிக்கு இறக்க ஒரு வழி தேவைப்பட்டது. 1902இல் போட்டது ஒற்றைத் தண்டவாளம். பாரம் முழுவதும் ஏறக்குறைய அந்த ஒரு தண்டவாளத்தின் மேல்தான். பக்கவாட்டில் தரையில் உருளும் பெரிய சக்கரம் வண்டி சாயாமல் பார்த்துக்கொண்டது. இழுத்தவை மாடுகள். இதே முறையில் 1907இல் பாட்டியாலாவில் ஓடத் தொடங்கிய வண்டியை டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம்.

1908இல் இரண்டடி அகலப் பாதை வந்தது. மாடுகளின் இடத்தில் நீராவி எஞ்சின். மூணாறு, மாட்டுப்பட்டி, பாலாறு, டாப் ஸ்டேஷன் என நிலையங்கள் அமைந்தன. அதற்கப்பால் செங்குத்துச் சரிவு, ரயில் இறங்க முடியாது. பெட்டிகள் ரோப்வேயில் தொங்கியபடி சுமார் 5 கி.மீ. கீழே கொட்டக்குடிக்குப் போயின. அந்த இடம் ‘பாட்டம் ஸ்டேஷன்’ ஆனது. அங்கிருந்து போடிநாயக்கனூருக்கு மாட்டுவண்டிதான். இந்த மலைப்பாதையைப் பற்றிப் பேசுவோர் வெள்ளைக்காரத் துரைமார்களை மறப்பதில்லை. தோட்டங்களில் உழைத்த தமிழ்த் தொழிலாளர்களைத்தான் மறந்துவிடுகிறார்கள். அவர்கள் பறித்துப் பக்குவப்படுத்திய தேயிலை இல்லாமல் இந்த ரயிலுக்கு ஏற்றிச்செல்ல ஒன்றும் இருந்திருக்காது.

1924 ஜூலையில் மழை விடாமல் கொட்டியது. கொல்லம் ஆண்டு 1099இல் நேர்ந்ததால் கேரளம் அதைத் ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ என்கிறது. மலைகள் சரிந்தன, தண்டவாளங்களும் பாலங்களும் அடித்துச் செல்லப்பட்டன. பாதை மீண்டும் போடப்படவில்லை. 1935இல் பெரியாற்றின் மேல் நேரியமங்கலம் பாலம் திறந்தபின் மூணாறிலிருந்து கொச்சிக்குச் சாலைவழி எளிதாயிற்று.

மூணாறு நிலையக் கட்டடம் பின்னாளில் தேயிலைக் கம்பெனியின் அலுவலகமானது. டாப் ஸ்டேஷனில் எஞ்சியவை சில இடிபாடுகளே. அங்கு வரும் பயணிகள் பள்ளத்தாக்கையும், பன்னிரண்டு ஆண்டுகளுக்கொருமுறை பூக்கும் குறிஞ்சியையும் பார்த்துத் திரும்புகிறார்கள். இடிபாடுகளுக்கும் சற்று நேரம் ஒதுக்கலாம்.

மலையில் ரயில் அழிந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1928இல்தான் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது. அகலப்பாதைப் பணிக்காக 2010 இறுதியில் நின்றுபோன அந்தச் சேவை, 2023 ஜூன் 15 அன்று போடிவரை மீண்டும் தொடங்கியது.