யாரும் எடுக்காத வாத்தியம்: பேஸ் கிற்றாரும் பெண்பிள்ளைகளும்

எமது கல்லூரியின் நூறாண்டு வரலாற்றில் அதிபர்கள், கட்டடங்கள், பரீட்சைப் பெறுபேறுகள், வலைப்பந்தாட்டக் கிண்ணங்கள் ஆகியவற்றைப் பற்றி எழுத வல்லோர் பலர் இருக்கிறார்கள். பண்ணிசை, வீணை, வயலின், பாண்ட் வாத்தியம் பற்றி எழுதவும் ஆட்கள் உண்டு. மலர்க்குழுவினர் என்னிடம் இசை பற்றி ஒரு கட்டுரை கேட்டபோது, இவற்றுள் எதிலும் சேராத ஒன்றைப் பற்றி எழுத அனுமதி கேட்டேன். அது பேஸ் கிற்றார். பொப்பிசைக் குழுக்களில் பின்வரிசையில் நிற்பவர் கையில் இருக்கும், நான்கு தடித்த தந்திகள் கொண்ட வாத்தியம். பாடசாலைக் காலத்தில் தொடங்கி, புலம்பெயர்ந்த நாட்டிலும் வார இறுதி நாட்களில் இன்றுவரை நான் வாசித்து வருவது அதுவே. இதைத் தொழிலாகச் செய்யாத, பொழுதுபோக்குக் கலைஞர்களின் பக்கத்திலிருந்தே எழுதுகிறேன்.

இந்த வாத்தியத்தின் வரலாறு ஒரு சுமையிலிருந்து தொடங்குகிறது. முன்னைய நாட்களில் மேலைநாட்டு நடன இசைக்குழுக்களில் கீழ்ச்சுருதியைத் தந்தது டபிள் பேஸ் என்ற பெரிய மர வாத்தியம். ஏறத்தாழ ஓர் ஆள் உயரம். அதைக் காரில் ஏற்றுவதே பெரும்பாடு. அவ்வளவு பாடுபட்டுக் கொண்டுபோனாலும், டிறம்ஸும் மின்கிற்றாரும் ஒலிக்கத் தொடங்கினால் அதன் சத்தம் ஒருவர் காதிலும் விழாது. 1930களில் அமெரிக்காவின் சியாற்றில் நகரில் போல் ருட்மார்க் என்பவர் கிற்றார்போலக் குறுக்காகப் பிடித்து வாசிக்கும் மின் பேஸ் ஒன்றைச் செய்தார். ஆனால் அது பரவவில்லை. கலிபோர்னியாவில் வானொலி திருத்தும் கடை நடத்திய லியோ பெண்டர் 1951இல் வெளியிட்ட பிரிசிஷன் பேஸ்தான் உலகெங்கும் போனது. பிரிசிஷன் என்றால் துல்லியம். டபிள் பேஸின் கழுத்தில் மெட்டுக்கட்டைகள் கிடையாது, எங்கே விரல் வைக்க வேண்டும் என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும். வீணையில் உள்ளதுபோல் மெட்டுக்கட்டைகளைப் பதித்தபடியால் சுருதி பிசகாமல் வாசிக்க முடிந்தது. பெயருக்குக் காரணம் அதுவே. இதில் வியப்பு என்னவென்றால் லியோ பெண்டருக்குக் கிற்றார் வாசிக்கத் தெரியாது.

கடையில் வாங்கப் பணமில்லாதவர்கள் வேறு வழி கண்டார்கள். 1950களின் நடுப்பகுதியில் பிரித்தானியாவில் ஸ்கிபிள் என்ற எளிய இசை இளைஞர்களிடையே தீயாகப் பரவியது. அதற்குரிய பேஸ் வாத்தியம் வெறும் தேயிலைப் பெட்டி. ஒட்டுப்பலகைப் பெட்டியைக் கவிழ்த்து, நடுவில் துளையிட்டு ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையைத் தும்புத்தடியின் நுனியில் முடிவார்கள். தடியை இழுத்தால் கயிறு இறுகிச் சுருதி ஏறும், தளர்த்தினால் இறங்கும். பீற்றில்ஸின் முன்னோடியான குவாரிமென் குழுவிலும் தேயிலைப் பெட்டிதான் பேஸ். அக்காலத்தில் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் தேயிலை இத்தகைய பெட்டிகளில்தான் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. எமது மலையகத்துப் பெண்கள் கிள்ளிய கொழுந்து போன பெட்டிகளிலும் சில, கொழுந்தை இறக்கி வைத்தபின் இப்படித் தாளம் போட்டிருக்கும்.

இனிப் பெண்களிடம் வருவோம். இசைக்குழு ஒன்று கூடும்போது எல்லோருக்கும் முன்னால் நின்று பாட விருப்பம். அதற்கடுத்து முதன்மைக் கிற்றார், பிறகு டிறம்ஸ். பேஸை எவரும் விரும்பிக் கேட்பதில்லை. பீற்றில்ஸ் குழுவிலேயே 1961இல் பேஸ் வாசித்தவர் விலகியபோது, வேறொருவரும் முன்வராதபடியால்தான் போல் மக்கார்ட்னி அதை ஏற்றார். இப்படி வெறுமையாகக் கிடந்த இடத்தின் வழியாகவே பல பெண்கள் இசைக்குழுக்களுக்குள் நுழைந்தார்கள். கதவைத் தட்டித் திறக்கச் சொல்லவேண்டிய தேவை அங்கே குறைவாக இருந்தது.

இவர்களுள் முதலில் சொல்லவேண்டியவர் கரோல் கே. 1935இல் பிறந்தவர். வறிய குடும்பம், பதின்ம வயதிலேயே கிற்றார் சொல்லிக்கொடுத்துச் சம்பாதித்தவர். 1963இல் லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிப்பதிவுக்கூடம் ஒன்றில் பேஸ் கலைஞர் வரவில்லை. அங்கே கிற்றார் வாசிக்க வந்திருந்த கரோல் அந்த வாத்தியத்தைக் கையில் எடுத்தார். அன்று தொடங்கி ஆயிரக்கணக்கான ஒலிப்பதிவுகளில் வாசித்தார். பீச் போய்ஸ் குழுவின் 1966ஆம் ஆண்டு இசைத்தட்டில் ஒலிக்கும் பேஸ் பெரும்பாலும் அவருடையதே. ஆனால் அந்நாளில் கூலிக்கு வாசித்தவர்களின் பெயரை இசைத்தட்டு உறையில் அச்சிடும் வழக்கம் இல்லை. கேட்டவர்கள் கோடிக்கணக்கானோர், யார் வாசித்தது என்று அறிந்தவர்கள் சிலர். அவர் 1969இல் எழுதிய பேஸ் பயிற்சிநூல் பல தலைமுறை மாணவர்களின் கைநூலாயிற்று. 2025இல் அமெரிக்காவின் றொக் இசைப் புகழ்மண்டபம் அவரைக் கௌரவிக்க அறிவித்தபோது, அதை ஏற்க மறுத்துவிட்டார்.

இரண்டாவது கதை லிவர்பூல் நகரத்தது. கவேர்ண் கிளப்பில் பீற்றில்ஸைப் பார்த்த மேரி மக்குளோரி என்ற இளம்பெண், தன் உறவுக்காரப் பிள்ளைகளுடன் சேர்ந்து, வாசிக்கத் தெரியுமுன்னரே வாத்தியங்களை வாங்கினார். கன்னியாஸ்திரியாகப் போக எண்ணியிருந்தவர் அவர். 1963இல் உருவான லிவர்பேர்ட்ஸ் குழுவில் நால்வரும் பெண்கள், பேஸ் மேரியிடம். பெண்கள் கிற்றார் வாசிப்பதில்லை என்று ஜோன் லெனன் அவர்களிடம் சொன்னாராம். அவர்களோ 1964இல் ஹம்பேர்க் சென்று, அங்குள்ள ஸ்ரார் கிளப்பில் பெயரெடுத்து, இரண்டு இசைத்தட்டுகளும் வெளியிட்டார்கள். 1968இல் குழு கலைந்தது. வாசிக்கத் தெரியாமல் போனதல்ல காரணம். ஒருவர் கருவுற்றார், இன்னொருவர் உடல் இயலாத தன் துணைவரைப் பராமரிக்க நின்றுவிட்டார். எஞ்சியிருந்த இருவர் 2024இல்தான் தம் கதையை நூலாகக் கொண்டுவந்தார்கள். அறுபது ஆண்டுகள் கழித்து.

மூன்றாமவர் டிற்றோயிற் நகரின் சூசி குவாட்ரோ. 1964இல் அவருடைய அக்கா ஒரு பெண்கள் குழுவைத் தொடங்கினார். மற்றவர்கள் தமக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ள, 14 வயதுத் தங்கைக்கு மிஞ்சியது பேஸ். தகப்பனார் தந்த 1957ஆம் ஆண்டுப் பிரிசிஷன் பேஸில் பழகிய அவர், 1973இல் பிரித்தானியப் பாடல் வரிசையில் முதலிடத்துக்கு வந்தார். உயரம் ஏறத்தாழ ஐந்தடிதான். அந்தப் பேஸின் தந்தி நீளமோ 34 அங்குலம். சிறிய கைகளுக்கு அது சரிவராது என்று எமக்குச் சொல்லப்பட்ட பேச்சுக்கு அவரே போதிய மறுமொழி. அவருடைய இசைத்தட்டுகளைக் கேட்டுத்தான் நியூயோர்க்கின் ரீனா வெய்மவுத் பழகினார். நண்பர்கள் இருவருக்குப் பேஸ் வாசிக்க ஆள் கிடைக்காதபடியால் வாத்தியம் வாங்கி, 1975இல் அவர்களோடு மேடையேறினார். அக்குழு ரோக்கிங் ஹெட்ஸ்.

எமது பக்கத்துக்கு வருவோம். பைலாவும் பொப்பிசையும் இலங்கையில் எல்லா வீட்டு றேடியோவிலும் கேட்ட காலம் ஒன்று இருந்தது. நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் ஆகியோரின் பாடல்கள் தமிழ்ப் பொப்பிசைக்கு ஒரு முகத்தைத் தந்தன. கோயில் திருவிழாக்களில் இரவிரவாக இசைக்கோஷ்டிகள் வாசித்தன. இளையராஜாவின் திரைப்பாடல்கள் வந்தபின், பேஸ் என்பது வெறும் உறுமல் அல்ல, பாட்டுக்கு அடியில் ஓடும் இன்னொரு மெட்டு என்பது எங்கள் காதுகளுக்குப் புரிந்தது. பாடசாலை விடுதியில் நாங்கள் நால்வர் சேர்ந்து ஒரு சிறு குழுவை அமைத்ததும் அந்தக் காலத்தில்தான். இரவல் கிற்றார்கள், ஓர் ஓர்கன், ஒரு சோடி பொங்கோ. பேஸ் என்னிடம் வந்த காரணத்தை இப்போது வாசகர்கள் ஊகித்திருப்பீர்கள்.

எப்படி வாசிப்பது என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. நான்கு தந்திகளில் மிகத் தடித்தது செக்கனுக்கு ஏறத்தாழ 41 தடவை அதிரும். காதை விட நெஞ்சும் வாங்கின் பலகையும்தான் அதை முதலில் உணரும். வலக்கையின் சுட்டுவிரலும் நடுவிரலும் மாறிமாறி, நடப்பதுபோலத் தந்தியை மீட்ட வேண்டும். மொட்டவுண் நிறுவனத்தின் புகழ்பெற்ற ஜேம்ஸ் ஜேமர்சன் ஒற்றைச் சுட்டுவிரலாலேயே எல்லாவற்றையும் வாசித்தார் என்பதும் உண்மை. இடக்கை விரலை மெட்டுக்கட்டையின் மேல் வைக்காமல், அதற்குச் சற்று முன்னே அழுத்தினால் குறைந்த பலத்தில் தெளிவான நாதம் வரும். கடினமான பாடம் சத்தம் எழுப்புவது அல்ல, நிறுத்துவது. வாசிக்காத தந்திகள் தாமாக அதிர்ந்து ஒலியைக் கலக்கும். அவற்றை இரு கைகளாலும் தொட்டபடி அடக்கி வைக்க வேண்டும். கண்ணைப் பாடகியில் வைத்து, காதை டிறம்ஸ்காரியின் வலது காலில் வைக்க வேண்டும். அந்தப் பெரிய மேளமும் பேஸும் ஒரே நொடியில் விழுந்தால் சுமாரான குழுவும் நல்ல குழுவாகக் கேட்கும்.

மேடையில் நடக்கும் விபத்துகள் எல்லாக் குழுக்களுக்கும் பொதுவானவை. தோள்பட்டி கழன்று வாத்தியம் காலில் விழும். ஆடிக்கொண்டு வருபவர் வயரில் தடக்கி பிளக்கைப் பிடுங்கிவிடுவார். இதற்கு மருந்து எளிது. வயரை முதலில் தோள்பட்டிக்குள்ளால் எடுத்து, பிறகு வாத்தியத்தில் செருகினால் இழுபட்டாலும் கழராது. ஒருமுறை கலியாண வரவேற்பொன்றில் நான் பின்குரல் பாட மைக்கில் உதடு பட்டதும் மின்சாரம் சுளீரென்று அடித்தது. மண்டபத்தில் நிலத்தொடுப்பு இல்லை. அன்று தொடக்கம் எந்த மேடையானாலும் பாட்டுக்கு முன் மின்னிணைப்பைச் சோதிப்பது எங்கள் குழுவின் சட்டம். இரைச்சலை நிறுத்துவதற்காகப் பிளக்கின் மூன்றாவது முனையை வெட்டிவிடுவோர் இருக்கிறார்கள். அது உயிரோடு விளையாடுவது.

மின்சாரமே இல்லாத காலமும் வந்தது. 1990இல் தொடங்கிப் பல ஆண்டுகள் யாழ்ப்பாணக் குடாநாடு இருளில் கிடந்ததை நேரில் அறிந்தவர்கள் எம்மில் பலர். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி றேடியோ கேட்ட நாட்கள். வயலினும் மிருதங்கமும் ஆர்மோனியமும் அந்த ஆண்டுகளைத் தாண்டி வந்தன. அவற்றுக்குத் தேவைப்பட்டவை கையும் காற்றும் மட்டுமே. பேஸ் கிற்றாரோ அம்ப்ளிபயர் இல்லாவிட்டால் பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்காது. எனவே முதலில் மௌனமானது அதுதான். இடப்பெயர்வுகளில் புத்தகமும் உடுப்பும் சுமக்க முடியாதவர்கள் ஸ்பீக்கர் பெட்டியைச் சுமந்திருக்க முடியாது. இப்படித்தான் எமது பொழுதுபோக்குக் குழுக்களின் வாத்தியங்களும் கசெற்றுகளும் படங்களும் தடமின்றிப் போயின.

போர் மட்டும் காரணம் என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. ஆண்பிள்ளைகளின் குழுக்கள் பாடசாலையை விட்டபின்னும் கோஷ்டிகளாகத் தொடர்ந்தன. பெண்பிள்ளைகளின் குழுக்கள் உயர்தரப் பரீட்சையோடு கலைந்தன. ஒத்திகை இரவில், கச்சேரி அதைவிட இரவில். கூட்டிச்செல்ல ஆளில்லை. சங்கீதம் படித்த பெண் என்பது கலியாணப் பேச்சில் ஒரு தகுதி, பாண்டில் வாசித்த பெண் என்பது மறைக்கவேண்டிய செய்தி. எங்களுள் ஒருத்தி, திருமணமாகிப் பதினைந்து வருடங்களின் பின்னரே தன் கணவருக்கு அதைச் சொன்னாள். லிவர்பூல் பெண்களுக்கு 1968இல் நேர்ந்ததும் எமக்கு நேர்ந்ததும் வேறு வேறு நாட்டில் நடந்த ஒரே காரியம். அவர்கள் நூல் எழுதும்வரை உயிரோடும் நினைவோடும் இருவர் இருந்தார்கள் என்பதே வேறுபாடு.

ஆகவே உலகெங்கும் இம்மலரைக் கையில் வைத்திருக்கும் சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். கலைவிழா, விடுதி விழா, பிரியாவிடை எதுவானாலும், எமது கல்லூரி மேடையில் வாத்தியத்தோடு நிற்கும் பிள்ளைகளின் படம் உங்கள் அல்பத்தில் இருந்தால், முதலில் அதன் பின்புறத்தில் பென்சிலால் பெயர்களையும் ஆண்டையும் எழுதிவையுங்கள். பாடியவரின் பெயர் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஓரத்தில், பாதி வெட்டுப்பட்டு நிற்பவரின் பெயரையும் தேடி எழுதுங்கள். பிறகு ஒரு பிரதியைச் சங்கத்துக்கு அனுப்புங்கள். ஒரு கசெற் மிஞ்சியிருந்தால், நாடா உக்கிப்போகுமுன் அதை ஒலிக்கோப்பாக மாற்றிவிடுங்கள். இப்போது கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளுள் யாராவது ஒரு குழு தொடங்கி, பேஸ் மட்டும் ஆளில்லாமல் கிடந்தால், எனக்கு அறிவியுங்கள். விடுமுறையில் ஊருக்கு வரும்போது என் வாத்தியத்தையும் கொண்டுவருகிறேன்.