நைட்ரோஃபியூரான் எச்சம்: சதையில் தேடுவதா, தீவனத்தில் தேடுவதா?

பண்ணை இறாலில் தடைசெய்யப்பட்ட நைட்ரோஃபியூரான் மருந்துகளின் எச்சம் உள்ளதா என்று பார்க்கும் வேலை இன்று பெரும்பாலும் அறுவடைக்குச் சற்று முன்பும், சரக்கு துறைமுகம் சேர்ந்த பின்பும் நடக்கிறது. இரண்டு இடத்திலும் சோதிக்கப்படுவது இறாலின் சதைதான். இந்த ஏற்பாடு கெட்ட சரக்கை மடக்க உதவுகிறது. மருந்து குளத்துக்குள் போவதைத் தடுக்க உதவவில்லை. எச்சத்தைத் தேடும் முதல் இடம் தீவனமாக இருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். அதற்கான காரணம் அந்த மருந்துகளின் வேதியியலிலேயே இருக்கிறது.

ஃபியூரசோலிடோன், ஃபியூரால்டடோன், நைட்ரோஃபியூரன்டோயின், நைட்ரோஃபியூரசோன் ஆகிய நான்கும் கால்நடை, கோழி, மீன் வளர்ப்பில் பாக்டீரியா நோய்களுக்குத் தாராளமாகப் பயன்பட்டவை. புற்றுநோய், மரபணு மாற்றம் குறித்த அச்சத்தால் ஐரோப்பிய ஒன்றியம் உணவுக்கான விலங்குகளில் இவற்றை 1995க்குள் முழுமையாகத் தடை செய்தது. இந்தியச் சட்டமும் தடை செய்கிறது. உடலுக்குள் போன மருந்து சில மணி நேரத்திலேயே சிதைந்துவிடும். சிதைவில் பிறக்கும் துண்டு மூலக்கூறுகளோ திசுப் புரதத்தோடு பிணைந்து வாரக்கணக்கில் தங்கும். ஆகவே சதையில் மருந்தைத் தேடினால் ஒன்றும் அகப்படாது. துண்டுகளைத்தான் தேட வேண்டும். அதற்குக் கையாளும் முறை பொறுமையைக் கேட்பது. அரைத்த சதையை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இட்டு, 2-நைட்ரோபென்சால்டிஹைடு சேர்த்து, 37 டிகிரி செல்சியஸில் இரவு முழுதும் வைக்கிறார்கள். அமிலம் துண்டைப் புரதத்திலிருந்து விடுவிக்கிறது. தனியே அளக்க முடியாத அளவு சிறியதான அந்தத் துண்டு, நைட்ரோபென்சால்டிஹைடோடு சேர்ந்து கருவி பிடிக்கக்கூடிய அளவுக்குப் பருக்கிறது. மறுநாள் அமிலத்தை நடுநிலையாக்கி, எத்தில் அசிட்டேட்டில் பிரித்தெடுத்து, நிறை நிறமாலைக் கருவிக்கு அனுப்புகிறார்கள். கிலோவுக்கு 1 மைக்ரோகிராம், அதாவது ஆயிரம் டன் இறாலில் 1 கிராம், என்ற அளவையும் இம்முறை காட்டிவிடும்.

அந்த 1 மைக்ரோகிராம் எங்கிருந்து வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 2003இல் ஐரோப்பிய ஆணையம் அதை வகுத்தபோது, ஆய்வகத்தின் முறை குறைந்தபட்சம் எவ்வளவு நுட்பமாக இருக்க வேண்டும் என்பதற்கான அளவாகவே வகுத்தது. 2005இல் அதே எண் இறக்குமதிச் சரக்கை ஏற்பதா மறுப்பதா என்று தீர்மானிக்கும் எல்லையாயிற்று. 2022 நவம்பர் முதல் அது 0.5 ஆகக் குறைந்துள்ளது. கருவியின் கூர்மை கூடக் கூட எல்லையும் இறங்குகிறது. இதை வெறும் வணிகத் தடை என்று ஏற்றுமதியாளர்கள் குறை கூறுவதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் பாதுகாப்பான அளவு இன்னது என்று நிறுவ முடியாத மருந்துக்கு வேறு எந்த எல்லையை வைப்பது என்ற கேள்விக்கு அவர்களிடமும் விடை இல்லை.

இதைவிட வலுவான எதிர்வாதம் செமிகார்பசைடு பற்றியது. நைட்ரோஃபியூரசோன் சிதைந்தால் கிடைக்கும் துண்டு இது. ஆனால் மருந்தே படாத உணவிலும் இது தென்படுகிறது. கண்ணாடிப் புட்டி மூடிகளின் உள்வளையத்தை நுரைக்கச் செய்யும் அசோடைகார்பனமைடு செமிகார்பசைடைத் தருகிறது என்பது 2003இல் குழந்தை உணவுப் புட்டிகள் வழியே வெளிப்பட்டது. ஹைப்போகுளோரைட் கொண்டு செய்யும் தூய்மையாக்கலும் சில உணவுகளில் அதை உண்டாக்கக்கூடும். நைட்ரோஃபியூரான் சிக்கலால் 2009இல் வங்காளதேசம் ஐரோப்பாவுக்கான நன்னீர் இறால் ஏற்றுமதியைத் தானே நிறுத்தி வைத்தது. நன்னீர் இறாலின் ஓட்டில் செமிகார்பசைடு இயற்கையாகவே இருக்கிறது என்று பிறகு நடந்த ஆய்வுகள் காட்டின. ஐரோப்பாவின் 2019ஆம் ஆண்டு விதியும், கிரேஃபிஷ் வகையில் இந்த ஒரு துண்டை மட்டும் வைத்துக் குற்றம் சாட்டலாகாது என்று ஒப்புக்கொள்கிறது. ஆக, சதைச் சோதனை சில வேளைகளில் ஒரு குற்றமுமற்ற பண்ணைக்காரரைத் தண்டித்துவிடும். அதற்காகச் சோதனையைக் கைவிடச் சொல்ல முடியாது. தெளிவான சாட்சி கிடைக்கும் இடத்துக்குச் சோதனையை நகர்த்துவதே முறை.

அந்த இடம் தீவனம். உடலில் சில மணி நேரமே நிற்கும் மருந்து, ஒளி படாத தீவன மூட்டையில் முழு உருவோடு இருக்கிறது. நைட்ரோஃபியூரசோன் தீவனத்திலேயே அகப்பட்டால், ஓட்டில் இயற்கையாக ஊறியது என்ற பேச்சுக்கே இடமில்லை. அளவும் நமக்குச் சாதகமானது: சதையில் மைக்ரோகிராம் கணக்கு, நோய் தீர்க்கவென்று மருந்து கலந்த தீவனத்திலோ மில்லிகிராம் கணக்கு. இவை மஞ்சள் நிறச் சேர்மங்கள், ஒளியை நன்றாக உறிஞ்சுபவை. எனவே கோடி ரூபாய்க் கருவி இல்லாத மாவட்ட ஆய்வகமும் சாதாரண நீர்ம வண்ணப்படிவுக் கருவியால் இவற்றை அளக்கலாம். ஆலையில் முந்தைய கலவையின் மிச்சம் அடுத்த கலவையில் ஒட்டுவதையும் தீவனச் சோதனை காட்டிவிடும். கோழித் தீவனத்தில் சுவடளவு கலப்பு நேர்ந்தாலே திசுவில் எச்சம் சேர்வது ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது.

ஆலைத் தீவனம் சுத்தமாகத்தானே இருக்கிறது, மருந்து சேர்வது குளக்கரையில் அல்லவா என்று கேட்கலாம். உண்மைதான். நோய் கண்டதும் மருந்துத் தூளை மீன் எண்ணெயிலோ பைண்டர் எனும் ஒட்டுப்பொருளிலோ குழைத்துத் தீவனத்தின்மேல் பூசிக் காயவைத்துக் குளத்தில் இடும் வழக்கம் உண்டு. ஆலை வாசலில் எடுக்கும் மாதிரியில் இது சிக்காது. அதனால்தான் மாதிரி எடுக்கும் இடங்கள் மூன்றாக வேண்டும்: ஆலை, பண்ணைக் கொட்டகையின் மூட்டை, இறால் தீவனம் எடுக்கிறதா என்று பார்க்கக் குளத்தில் இறக்கும் செக் ட்ரேயில் கிடக்கும் தீவனம். அவற்றோடு, புரோபயாட்டிக் என்றும் மினரல் என்றும் விற்கப்படும் பாக்கெட்டுகளையும் பிரித்துப் பார்த்தாக வேண்டும். உள்ளே இருப்பது என்ன என்று லேபிள் சொல்லாத பாக்கெட்டை வாங்கியவர் அறியாமலே சட்டத்தை மீறியிருக்கக்கூடும். சதைச் சோதனை அவரை மட்டுமே பிடிக்கும், விற்றவரைப் பிடிக்காது.

செலவு கூடும் என்ற தயக்கமும் ஏற்கத்தக்கதாக இல்லை. இந்தியப் பண்ணை இறாலுக்கு ஐரோப்பிய எல்லையில் செய்யும் சோதனை 2016இல் சரக்குகளில் 10 விழுக்காட்டிலிருந்து 50 விழுக்காடாக உயர்ந்தது. பல குளத்து இறால் ஒரே கொள்கலனில் கலந்தபின் ஒரு மாதிரி தவறினால் அத்தனை பேரின் உழைப்பும் திரும்பி வருகிறது. அந்த இழப்புக்கு முன் குளக்கரைத் தீவனச் சோதனையின் செலவு சிறிதே. இதில் நம் வீட்டு உணவும் அடங்கியிருக்கிறது. ஐரோப்பாவுக்குப் போகும் இறாலுக்கு அறுவடைக்கு முன் சோதனைச் சான்று கட்டாயம். நாகப்பட்டினத்துச் சந்தையில் வாங்கும் இறாலுக்கு அப்படியொரு கட்டாயம் இல்லை. ஏற்றுமதி ஆகும் சரக்கோ உள்ளூரில் விற்கும் சரக்கோ, தீவனம் ஒன்றுதான். ஆகவே தீவனத்தையும் குளக்கரைப் பாக்கெட்டுகளையும் சோதிப்பதைக் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையம் பண்ணைப் பதிவின் நிபந்தனையாக்க வேண்டும். அந்த முடிவுகளை மாவட்ட வாரியாகப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும்.